கேண்டீன் சுவரோரம் ஒரு துண்டு வெயில்

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க... வெயிலை மறைக்கீங்க!"

அவன் திரும்பினான். ஊரே நிழலுக்கு ஓடும் உச்சிப் பொழுதில் ஒருத்தி வெயிலுக்குச் சண்டை போடுகிறாளே என்று அந்தக் கண்கள் சிரித்தன.

"இன்னாங்க, வெயிலை வாடகைக்கு எடுத்துகினீங்களா? எனக்கும் வெயில் வேணும், வைட்டமின் டி கம்மின்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. அண்ணன்லாம் வேணாம். ஜெகதீஷ், பெயின்ட் ஷாப் செக்‌ஷன்."

பாண்டிச்செல்வி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சங்கரன்கோவில் வெயிலில் வளர்ந்தவள். ஒரகடத்தில் இந்தக் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வந்த பிறகு, ஜன்னலில்லாத ஏசி அசெம்பிளி லைனும் ஹாஸ்டல் அறையும்தான் அவள் உலகம். மருத்துவ முகாமில் வைட்டமின் டி குறைவு என்றார்கள். கூடவே சர்க்கரை... இந்த வயதில்!

"இன்சுலின் சுரக்குதும்மா, உன் உடம்புதான் அதைச் சட்டை பண்ண மாட்டேங்குது. வைட்டமின் டி குறைஞ்சவங்ககிட்ட இது அதிகமாத் தெரியுது. வெயில்ல கொஞ்சம் நில்லு. ஆனா மாத்திரையை விட்டுடாதே" என்றிருந்தார் முகாம் டாக்டர்.

அந்த வெயில் சண்டைக்குப் பிறகு தினமும் சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் கேண்டீன் சுவரோரம் நின்று வம்பளந்தார்கள். சர்க்கரையை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஒருநாள் அவனருகில் வேறொருத்தி! மைசூர்பாகைப் பிட்டு நீட்டினாள். அவனும் வாங்கித் தின்றான்...

"மண்ணூர்க்காரி மஞ்சுளா. அவன் அம்மா பாத்து வச்சிருக்க பொண்ணாம்" என்றாள் தோழி இசக்கி.

செல்வி சாப்பாட்டு டப்பாவைப் படாரென்று மூடினாள். 'சிரிப்பைப் பாரு! அவ எத்தனை வேணும்னாலும் திம்பா. சர்க்கரைக்காரியை எவன் கட்டுவான்?'

அதன்பின் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

வானம் கறுத்து மழை கொட்டிய ஒரு மதியம், கேண்டீன் ஜன்னல் வழியே பார்த்தால்... அதே சுவரோரம், தொப்பலாக நனைந்தபடி அவன்! குடையோடு ஓடினாள்.

"கிறுக்கா உங்களுக்கு? வெயிலே இல்ல, எதுக்கு நிக்கீங்க?"

"வெயிலுக்கா நிக்கிறேன்னு நெனச்ச?"

"பின்னே? மஞ்சுளாவுக்கா?"

"அவகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். வூட்லயும் சொல்லிட்டேன். அம்மா என்னாண்ட பேசாம கீது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குச் சர்க்கரை இருக்கு. ஊர்ல பேசி முடிச்ச சம்பந்தமே அதுல போச்சு. இப்பவே ஓடிருங்க..."

அவன் அசையவில்லை. "எங்கம்மாக்கும் சக்கரைதான். ரெண்டு பேரும் சேந்து வாக்கிங் போங்க. எனக்கு நீதான் வேணும் செல்வி."

மழையின் இரைச்சலில் அவள் குரல் மெல்ல வந்தது. "எனக்கும் நீங்கதான். அவ பக்கத்துல நின்னதப் பாத்து வெந்து போனேன், தெரியுமா?"

குடையைச் சாய்த்து அவன் தலைக்கும் பிடித்தாள்.

"மஞ்சுளா அழுதாளா?"

"லைட்டா..."

"கண்ணைத் தொடச்சு விட்டீங்களோ?"

"ஐயோ, இல்லம்மா!"

"ம்..." என்றாள். இன்னும் நம்பாதவள் போல் முறைத்துக்கொண்டே அவன் தோளோடு ஒட்டி நின்றாள்.