ஒன்பதாம் எண் தகடு

"வீட்டுல எத்தன பேரு இருக்கீங்க?"

பழைய சாமான் கடை சஃபியுல்லா பாய் அன்றைக்குக் கேட்டது அந்த ஒரு கேள்விதான். தமிழரசி, மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த நீல எனாமல் தகட்டை எடுத்து, பிரெஞ்சுக்காரன் காலத்து வெள்ளை ஒன்பதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் எம் மவளும்தான் பாய். அவரு சிங்கப்பூர்ல."

"அப்ப எடம் இருக்கு."

தகட்டைக் கவிழ்த்துத் தாளில் சுற்றினார். கையில் கொடுக்காமல் மேசைமேல் தள்ளிவிட்டார்.

பழைய பொருள் என்றால் தமிழரசிக்கு உயிர். சோடாப் புட்டி, பித்தளைத் தாழ்ப்பாள், பீங்கான் சாடி என்று காரைக்காலில் எந்தப் பழைய வீட்டை இடித்தாலும் அந்த வாரமே பாய் கடையில் நிற்பாள். கீழவாஞ்சூர் சாலையோரம் புதிதாகக் கட்டிய அவள் வீட்டுக்கு இன்னும் கதவு எண் வரவில்லை. அழகுக்கு இருக்கட்டுமே என்று தகட்டை வாசல் நிலையின் பக்கத்தில் நாலு ஆணி வைத்து அடித்தாள்.

மூன்றாம் நாள் மதியம், கரண்ட் போய் ஃபேன் கடைசிச் சுற்றை முனகிக்கொண்டே சுற்றி ஓய்ந்த நேரத்தில், கனமான பெட்டி ஒன்றை யாரோ வாசலில் மெதுவாக இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. அதன் பின்னாலேயே ஈரச் சாக்கும் அழுகிய கயிறும் உப்பும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்து, அடுப்பில் கொதித்த மீன்குழம்பின் மணத்தையே அமுக்கிவிட்டுக் கூடம் முழுக்கப் பரவி நின்றது. கதவைத் திறந்தாள். யாருமில்லை. படியில் ஓர் ஆணின் பழைய தோல் செருப்பு, உள்ளே போகிறவர் கழற்றிவிட்டதுபோல. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துறைமுகம் திறந்ததிலிருந்து நிலக்கரி லாரிகள் கிளப்பும் கரித்தூள் படியெல்லாம் மாவுபோலப் படிந்து கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

செருப்பைக் குப்பையில் எறிந்தாள். மறுநாள் மதியம் அது திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. அதற்கும் மறுநாள், சற்றுத் தள்ளி, ஒரு பையனுடையது. நடுவே சின்னதாய் ஒரு ஜோடி வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

பாய்க்குப் போன் போட்டாள்.

"அது யாரு வீட்டுத் தகடு?"

"வியட்நாம் சைகோன்ல இருந்தவங்க வீடு. வாப்பா சொல்வாரு. ஊருக்குத் திரும்புறப்ப, கரை தெரியுற தூரத்துல கப்பல் கவுந்துருச்சு. தாய், தகப்பன், பையன் மூணு பேரும் கெடைக்கவேயில்ல. ஆறு வயசுப் பொண்ணு மட்டும் கரை ஒதுங்குச்சு. பொதச்சிட்டாங்க."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"வாசல்ல அடிக்கச் சொன்னது நானா? எங் கடைக்கு எம் பேத்தி வந்து வெளையாடுவாம்மா. அத அங்க வச்சிருக்க முடியல."

போன் வைக்கப்பட்டது.

தமிழரசியின் மகள் பாரதிப்ரியாவுக்கும் ஆறு வயதுதான். சாப்பிட உட்கார்ந்தவள் நிமிராமலே சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. அண்ணனுக்கு எடம் பத்தல."

தமிழரசி தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தகடு போனால் அவர்களுக்கு இங்கே வீடில்லை. வீடில்லை என்றால் போய்விடுவார்கள். போய்த்தானே ஆகவேண்டும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

முதல் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே பேச்சு நின்றதுபோல ஓர் அமைதி.

இரண்டாவது. கூடத்தில் யாரோ எழுந்தார்கள்.

மூன்றாவது. இன்னும் யாரோ.

நாலாவது. தகடு விழுந்தது. எண் மேலே தெரிய.

வாடை அவளைக் கடந்து வெளியே போனது. தோளில் உரசிக்கொண்டு. சில்லென்று.

போகிறார்கள். அவள் நினைத்தது சரிதான்.

திரும்பினாள். படியில் ஆண் செருப்பு நகர்ந்தது. பெண் செருப்பு. பையனுடையது. நடுவே இருந்த இடம் காலியாக இல்லை. பாரதியின் ரோஸ் நிற ரப்பர் செருப்பு. ஈரம்.

"பாரதி!"

குழந்தை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுடைய வலது கை உயர்ந்திருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பதுபோல. தமிழரசி பாய்ந்து இடது கையைப் பற்றினாள். ஊறிய சோறுபோல நெகிழ்ந்தது. வழுக்கிப் போனது.

பாரதி கடற்பக்கம் நடந்தாள். அவள் கால் பட்ட இடத்தில் கரித்தூள் கலையவேயில்லை.