கிரேனுக்குச் சொன்ன குட்நைட்

தர்ஷினியின் அண்ணன் ஜெய் ராணுவத்தில் தேசிய சேவை செய்துகொண்டிருந்தான். பயிற்சிக்காக அவனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தத் தீபாவளிக்கு வீட்டில் இருக்க மாட்டான்.

அவன் வீட்டில் இருந்தவரை தர்ஷினியின் தட்டிலிருந்து ஒரு மீன் உருண்டையாவது காணாமல் போகும். அவளும் விடாமல் அம்மாவிடம் கோள் சொல்வாள். இப்போது அவளே ஒன்றை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். திருட ஆளில்லை. கடைசியில் தானே சாப்பிட்டாள். அது ருசிக்கவே இல்லை.

புறப்படும்போது ஜெய் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான்.

"தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வெளியில வந்து நில்லு. அப்போ எனக்குப் பத்து மணி. வானத்துல எந்த நட்சத்திரம் ரொம்ப பளிச்சுன்னு இருக்கோ, அதைப் பாரு. நானும் அதையே பார்ப்பேன். பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்."

அவர்கள் குடியிருந்த ஆங் மோ கியோவில் நட்சத்திரம் தேடுவது லேசான வேலையில்லை. தெருவிளக்கு, கடைவிளக்கு, மாடிவிளக்கு என்று ஊரெல்லாம் வெளிச்சம். வானத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தானே? ஆனால் எதிரே இருந்த அடுக்குமாடி புளோக்குக்கு மேலே, லேசான சிவப்பில் ஒன்று மட்டும் தினமும் தவறாமல் இருந்தது. மழை பெய்த அன்றும் இருந்தது. அப்போதாவது தர்ஷினிக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. பள்ளியில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லி, "குட்நைட், அண்ணா" என்று முடித்த பிறகுதான் உள்ளே போவாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அஃப்னான் வந்து நின்றான். அவள் வகுப்பில்தான் அவனும் படிக்கிறான்.

"யார்கூட பேசற?"

"அந்த நட்சத்திரம் தெரியுதா? எங்க அண்ணனும் இப்போ அதைத்தான் பார்க்கிறான்."

அஃப்னான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அது நட்சத்திரம் இல்ல லா. அங்க புது புளோக் கட்டுறாங்கல்ல, அந்த கிரேனோட லைட்."

"சும்மா சொல்லாதே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் காற்று பலமாக வீசியது. நட்சத்திரம் மெல்ல நகர்ந்து, வலப்பக்கம் திரும்பி நின்றது.

அஃப்னானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தர்ஷினியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"இத்தனை நாளா கிரேன்கிட்டயா பேசினேன்? அவன் அங்க தனியா நின்னு பார்த்திருப்பான்."

அன்று அண்ணன் இன்னும் தூரமாகப் போய்விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடுவானே, என்ன சொல்வது?

மறுநாள் காலையில் இருவரும் நடை மேம்பாலம் வழியாகப் பள்ளிக்கு நடந்தார்கள்.

"வேற நட்சத்திரம் தேடுவோம்," என்றான் அஃப்னான்.

"எதைத் தேடுறது? நம்ம ஊரு வெளிச்சத்துல எல்லாமே மறைஞ்சு போகுதே. இந்த லைட்டுக்கெல்லாம் தோத்துப் போகாத நட்சத்திரமா வேணும்."

அப்போது இரண்டு புளோக்குகளுக்கு நடுவிலிருந்து வெயில் சுளீரென்று அவள் முகத்தில் விழுந்தது. தர்ஷினி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்தபடியே அங்கேயே நின்றுவிட்டாள்.

"அஃப்னான், சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே?"

"ஆமா. டீச்சர் சொன்னாங்களே. பக்கத்துல இருக்கு, அதனால பெருசா தெரியுது. மத்ததெல்லாம் ரொம்ப ரொம்பத் தூரம், அதான் புள்ளி மாதிரி." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெய்யின் முகம் கைப்பேசியில் தெரிந்தது. வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தான். தர்ஷினி ஒரே மூச்சில் கிரேன் கதையைக் கொட்டினாள்.

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தாள். அவனோ தலையைச் சொறிந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும், தர்ஷு. பத்து மணிக்கு நான் பாதி நாள் தூங்கிடறேன். பகலெல்லாம் ஓட விடறாங்க. சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

"அப்போ, கிரேனாவது முழிச்சிருந்துச்சு," என்றாள் தர்ஷினி.

இப்போது இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தர்ஷினி கைப்பேசியை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"உன்னை ரொம்பத் தேடுது, அண்ணா."

"எனக்கும்தான்."

"அதனால நட்சத்திரத்தை மாத்திட்டேன். இனிமே சூரியன். காலையில முதல்ல உன்கிட்ட வரும். கையை வெயில்ல நீட்டு, அது போதும். நேரா பார்க்காதே, கண்ணு கெட்டுடும். அப்புறம் என்கிட்ட அனுப்பிடு. ரெண்டு மணி நேரத்துல வந்துடும்."

"சூரியன் எங்கேயும் வராது. பூமிதான் சுத்துது."

"தெரியும். நீ அனுப்பு."

திங்கட்கிழமை காலையில் மேம்பாலத்தில் தர்ஷினி நின்றாள். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கு நேரமாகிறது என்று அஃப்னான் அவசரப்படுத்தவில்லை. கட்டடங்களுக்கு நடுவே வெளிச்சம் புகுந்து வந்தபோது அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை இளஞ்சூடானது.

"வந்துச்சா?" என்று கேட்டான் அஃப்னான்.

"வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு, தர்ஷினி கையை மூடிக்கொண்டு நடந்தாள்.