இரைச்சல் நீக்கிய குரல்

அவள் மூச்சை இழுப்பதற்கு முன்பே வேறு யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றினாள். காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினாள். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். "காட்டோரத்தில் ஓர் ஆமை இருந்தது. ஒருநாள் அதற்கு வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிட்டது." இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவளுடைய மூச்சு கேட்டது; அது அவளுக்குத் தெரிந்த மூச்சு, மூக்கின் ஓரத்தில் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போகும். அதற்குச் சற்று முன்னால் இன்னொன்று கேட்டது. வாயால் இழுத்த மூச்சு. ஈரமாக இருந்தது.

ஃபேன் சத்தம்தான் ஏதோ மாதிரிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கணவர் கப்பலின் எஞ்சின் அறையில் ஏதோ ஒரு கடலில் இருந்தார். வீட்டில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

பேருந்து நிலையத்தில் பல வருடம் அறிவிப்புச் சொன்னவள் அவள். கடையில் பருப்பு கேட்டால் முகம் பார்க்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருநாள் அவளுடைய நாற்காலியில் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நன்றி என்று ஒரு பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் வீட்டில் அவள் பேசுவதே குறைந்துபோனது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று குரல் தேடுகிறது என்று தம்பியின் நண்பன் சொன்னபோதுதான் மறுபடி உயிர் வந்தது. அவன் ஒலிப்பதிவாளன். மாதிரிப் பதிவை அவனுக்கு அனுப்ப வேண்டும். சுத்தமாக இருந்தால் அவன் நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பான்.

முதல் பதிவைக் கேட்டுவிட்டு அவன் அழைத்தான்.

"அக்கா, குரல்ல ஒரு குறையும் இல்ல. ரூம்தான் கெடுக்குது. பாத்ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி எதிரொலிக்குது. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. அப்புறம், பேசும்போது பக்கத்துல யாரையும் வச்சுக்காதீங்க."

"யாரும் இல்லையேப்பா. நான் மட்டும்தான்."

"அப்படியா? சரி, அப்ப ஃபேனாத்தான் இருக்கும். துணி நிறைய இருக்கற இடமாப் பாத்து உக்காருங்க. துணி எதிரொலியைக் குடிச்சிடும்."

துணி நிறைய இருந்த இடம் படுக்கையறை அலமாரிதான். சுவருக்குள்ளேயே ஆழமாகக் கட்டியிருந்தார்கள். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டால் ஒரு ஆள் முக்காலி போட்டு உட்காரலாம். பின்சுவரில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். இரண்டு பக்கமும் கணவரின் சட்டைகள், தன்னுடைய சேலைகள், குளிருக்கு வாங்கி வைத்த கனமான கோட்டுகள். மைக்கை ஒரு அட்டைப்பெட்டி மேல் நிறுத்தினாள். ஃப்ரிட்ஜை அணைத்தாள். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் உலகமே அணைந்துபோனது. பாச்சை உருண்டை வாசனை, பழைய வியர்வை, கம்பளித் தூசி. தெருவில் போன வண்டி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், குழாயில் சொட்டிய நீர் எல்லாம் எங்கோ போய்விட்டன. தன் எச்சில் தொண்டையில் இறங்குவதே பெரிதாகக் கேட்டது. செல்போன் வெளிச்சத்தில் கதையை வாசித்தாள். வாசிக்கும்போது முதுகுப்பக்கம் கம்பளி மெல்ல அசைவது போல இருந்தது. காற்று வர வழியில்லாத இடம் அது.

கேட்டுப் பார்த்தாள். ஃபேன் போயிருந்தது. ஃப்ரிட்ஜ் போயிருந்தது. எதிரொலி போயிருந்தது. அந்த மூச்சு போகவில்லை. பாத்திரத்தைக் கழுவக் கழுவ அடியில் இருந்த கீறல் தெரிவது போல, அது இன்னும் துலக்கமாகியிருந்தது. மூச்சோடு இப்போது உதடுகள் பிரியும் சத்தமும் இருந்தது. பேசத் தெரியாத ஒன்று வாயைத் திறந்து, மூடி, நாக்கை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் கப்பலிலிருந்து ஃபோனில் பேசினார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"என் சட்டையெல்லாம் உன்னை நினைச்சுப் பெருமூச்சு விடுதோ என்னவோ" என்றார்.

"விளையாடாதீங்க. பயமா இருக்கு."

"பயந்தா விட்டுடும்மா. வேற வேலை பாத்துக்கலாம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். வேறு வேலை என்ற சொல்தான் அவளுக்குத் தைத்தது. குரலை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாளும் அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள்.

அன்றைய பதிவில் அது சொற்களைப் பிடித்திருந்தது. அவள் "ஆமை" என்றால், ஒரு நொடி தள்ளி, மிக மெதுவாக, "மை". அவள் "வழி" என்றால் "ழி". அடுத்த பத்தியில் முழுச் சொல். அதற்கடுத்த பத்தியில் முழு வாக்கியம், ஏற்ற இறக்கம் உட்பட. முடிவை நெருங்கும்போது பின்னால் வந்தது பக்கத்தில் வந்திருந்தது. இரண்டு குரலும் ஒன்றாகவே ஓடின. இரண்டும் அவளுடைய குரல்.

அதை அனுப்பலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்து, கடைசியில் அனுப்பினாள். தன் காதில்தான் கோளாறு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

"ரெண்டு தடவை பேசி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுட்டீங்களாக்கா?" என்று கேட்டான் ஒலிப்பதிவாளன்.

"இல்லப்பா. ஒரு தடவைதான் பேசினேன்."

"அப்ப ஏதோ செட்டிங்ஸ் பிரச்சினை. ஒண்ணு செய்யுங்க. அதே இடத்துல உக்காந்து ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் ரெக்கார்ட் பண்ணுங்க. வெறும் அமைதி. அதை அனுப்பினா, அதுல என்ன இரைச்சல் இருக்கோ அதை அடையாளம் வச்சு, பேச்சுல இருந்து நான் கழிச்சிடுவேன். நாளைக்குள்ள குடுக்கணும்க்கா, மறந்துடாதீங்க."

காலையில் தலை சீவிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அம்மா, நேத்து நீ அலமாரிக்குள்ளயே தூங்கிட்டியா?"

சீப்பு நின்றது. "ஏன்டி வாண்டு?"

"கதை சொல்லிட்டே இருந்தியே. ஆமைக் கதை. நான் முழிச்சிருந்து கேட்டேன்."

"உன் பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

"ஆமா" என்றாள் மகள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அலமாரிலதான் சொன்ன. அம்மா, இழுக்காத, வலிக்குது."

பள்ளி வேன் போன பிறகு வாசலிலேயே நின்றாள். எதிர் வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. இன்றைக்கு ஒரே ஒரு தடவை, அதோடு முடிந்தது, அதற்கப்புறம் அந்த அலமாரியைக் காலிசெய்துவிடலாம். இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் கதையை வாசித்தாள். தொண்டை கரகரத்தது. "தனியாக" என்ற சொல்லில் குரல் இடறி, நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி சொன்னாள். பிறகு பேசாமல் உட்கார்ந்து அமைதியைப் பதிவு செய்தாள். செல்போனையும் அணைத்திருந்தாள். இருட்டில் கோட்டுகளின் கைகள் தோளில் பட்டன. ஒரு கட்டத்தில், பக்கத்தில் கேட்பது தன் மூச்சா என்று பார்ப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு நிற்கவில்லை.

சத்தம் போடாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பதிவுகளையும் கேட்காமலே அனுப்பினாள். அலமாரிக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதிக்கும் சத்தமாவது இருக்கட்டும்.

மத்தியானம் ஒலிப்பதிவாளன் செய்தி அனுப்பினான். "அக்கா, பிரமாதமா வந்திருக்கு. தூரத்துல கரகரன்னு ஒரு குரல் ஓடிட்டிருந்துச்சு. அதை மொத்தமாக் கழிச்சுட்டேன். இப்பக் கேட்டுப் பாருங்க."

கேட்டாள்.

அவளுடைய குரல்தான். பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் பழக்கமான அதே இனிமை, அதே நிதானம். காதுக்குள் உதட்டை வைத்துப் பேசுவது போல அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. கரகரப்பு இல்லை. மூக்கோரத்து உரசல் இல்லை. "தனியாக" என்ற சொல் வந்தது. இடறவில்லை. நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

தூரத்தில் ஓடியது எது, கிட்டத்தில் நின்றது எது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவனை அழைத்தாள்.

"ஹலோ? அக்கா?"

அதை அனுப்பாதே, அது நான் இல்லை என்று சொன்னாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, தொண்டை இறுகித் தளர்ந்தது. காற்று மட்டும் வந்தது.

"ஹலோ, அக்கா, ஒண்ணும் கேக்கல."

நெஞ்சில் கை வைத்து, வயிற்றிலிருந்து இழுத்து, கத்தினாள். காற்று.

"ஆங், இப்பக் கேக்குது" என்றான் அவன். "சொல்லுங்கக்கா."

அவள் வாயை மூடினாள். அவன் சிரித்தான். "அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லக்கா, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன். சரி, சரி. இப்பவே அனுப்பிடறேன். பாப்பாவும் படிப்பாளா? அப்படியா, அவங்களுக்குச் சின்னப் பிள்ளைங்க குரலும் வேணுமாம். நல்லதாப் போச்சு." படுக்கையறைப் பக்கமிருந்து, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ ஃபோன் பேசும் முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது.

ஃபோனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். எதிர் வீடு பூட்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆள் இல்லை. மகளோடு அப்படியே எங்காவது போய்விட வேண்டும், உடுத்தியிருப்பதோடு போனாலும் சரி. வேன் வரும் வரை வாசற்படியை விட்டு அவள் நகரவில்லை. மழையில் வேன் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. மகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குதித்தோடி வந்தாள். அவள் கைநீட்டிப் பிடிக்கப் போனாள். மகள் பிடிக்குள் அகப்படாமல், "நனைஞ்சுட்டேன் நனைஞ்சுட்டேன்" என்று வீட்டுக்குள் ஓடினாள்.

அவள் பின்னால் ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது மின்சாரம் போனது.

இருட்டு. கூரையில் மழை.

"அம்மா?"

இங்கேதான் இருக்கிறேன். காற்று.

"அம்மா, எங்க இருக்க? பயமா இருக்கு."

"இங்க வா கண்ணு" என்றது அவளுடைய குரல், படுக்கையறையிலிருந்து. "அம்மா இங்க இருக்கேன்."

ஈரச் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் இருட்டில் பாய்ந்தாள். முழங்கால் நாற்காலியில் மோதியது. சின்னத் தோள் கையில் சிக்கியது. இறுக்கிப் பிடித்தாள். மகள் வீறிட்டாள்.

"அம்மா! யாரோ என்னைப் பிடிக்கிறாங்க! அம்மா!"

நான்தான். நான்தான்டி. வாண்டு, நான்தான்.

மூச்சு மட்டும். வாயால் இழுத்த மூச்சு.

"ஓடி வா கண்ணு. இங்க வந்துடு."

மகள் அவள் கையைக் கடித்தாள். பிடி நழுவியது. செருப்புச் சத்தம் ஓடியது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கதவு திறந்து, சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் மகளின் அழுகை கேட்கவில்லை. துணி எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

சுவரைத் தடவிக்கொண்டு போனாள். கைப்பிடி அகப்பட்டது. இழுத்தாள். உள்ளேயிருந்து பிடித்திருந்தார்கள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தபோது மின்சாரம் வந்தது.

மகள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளிச்சத்தில் தாயின் முகத்தைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினாள். வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, அம்மா என்று கூப்பிட்டாள். உதடுகளில் அந்தச் சொல் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும்.

மகளுக்குப் பின்னால் கோட்டுகளும் சட்டைகளும் மெல்ல விலகின. உள்ளிருந்து, கரகரப்பில்லாத, எதிரொலியில்லாத, சின்னஞ்சிறு குரல் ஒன்று கேட்டது. மகளின் குரல்.

"அம்மா, கதவைச் சாத்து. வெளியில இருந்து சத்தம் வருது."