எட்டாவது கிழமை

எத்தனை முறை எண்ணினாலும் எட்டுதான் வந்தது.

அந்தப் பழைய கைக்கடிகாரத்தின் முட்களையும் முகப்பையும் கழற்றி வைத்துவிட்டு, கிழமைச் சக்கரத்தை இடுக்கியில் பிடித்து விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். ஏழு பெயர்கள் இருக்க வேண்டிய வட்டத்தில், அவளுக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஓர் எழுத்தில், எட்டுப் பெயர்கள். ஒரே ஒரு நாட்டுச் சந்தைக்கென்று பன்னிரண்டே பன்னிரண்டு செய்தார்களாம். ஏலத்துக்குக் கொண்டுவந்த தரகர் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார். "எந்த நாடுங்க?" என்று கேட்டதற்கு, "அங்க உள்ளவங்க வெளியாளுங்ககிட்ட பேரு சொல்றதில்லீங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்.

பழைய கடிகாரங்களைச் சோதிக்கும் தொழிலில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அவள் கையெழுத்திட்ட சான்றிதழுக்கு ஏலத்தில் மறுபேச்சு கிடையாது. ஒரே ஒரு தடவை ஒரு போலியிடம் ஏமாந்தபோது ஊரே சிரித்தது. அன்றிலிருந்து தன் நிழலைக்கூட இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

முன்கடையிலிருந்து அண்ணன் தலையை நீட்டினான். "இன்னுமா முடியல? தரகர் லைன்ல இருக்காரு."

"இதுல எட்டுக் கிழமை இருக்குண்ணா."

"அச்சடிச்சவன் தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பான். அதனாலதான் அபூர்வம்! நீ குடிக்கிற தண்ணியவே சொரண்டிப் பாக்குறவ. கையெழுத்தப் போடும்மா."

அவள் போடவில்லை. மதியம் முழுக்க, எண்ணெய் வாசமும் சுவர்க் கடிகாரங்களின் ஓயாத டிக்டிக்கும் நிறைந்த அந்தச் சின்ன அறையில், எங்காவது ஒரு பித்தலாட்டம் அகப்படாதா என்று மயிரிழை மயிரிழையாகத் தேடினாள். மைக்கு வயது சரியாக இருந்தது. உள்ளே பொறித்த வரிசை எண்ணை யாரும் அரத்தால் ராவவில்லை. சக்கரத்தின் அடியில் இருந்த பற்களும் எட்டு. பின்னால் வெட்டிச் சேர்த்தவை அல்ல, பிறந்ததே அப்படி. போலியாக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அது அசல்.

ஓட்டிப் பார்க்காமல் சான்றிதழ் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை இழுத்துச் சுற்றினாள். முகப்பின் சின்ன ஜன்னலில் கிழமைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஏழாவது வரை வழுக்கிக்கொண்டு வந்த திருகு, அதற்கு மேல் விரலை எதிர்த்தது. அழுத்தினாள்.

எட்டாவது பெயர் வந்து உட்கார்ந்தது.

சுவர்க் கடிகாரங்கள் நின்றன. எல்லாமே. ஒன்றாக.

"அண்ணா?"

முன்கடைக்குப் போகும் திரையை விலக்கினாள். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி, பாதிச் சிரிப்போடு நின்றிருந்தான். இமைக்கவில்லை. மூச்சும் இல்லை. திறந்திருந்த கண்மணிகளின் மேல் மெல்லிய தூசி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பட்டப்பகல். தெரு நிறைய ஆட்கள். எடுத்த கால் எடுத்தபடி. சைக்கிளில் சாய்ந்தவன் சாய்ந்தபடி.

ஒன்று மட்டும் அசைந்தது.

அவசரமே இல்லாமல் அது ஒவ்வொருவரிடமும் போனது. குனிந்தது. நெஞ்சில் காதை வைத்தது. கேட்டது. நகர்ந்தது. அடுத்தவர். குனிந்தது.

திருகைப் பின்னால் சுற்றினாள். அது சும்மா சுழன்றது. எதையும் பிடிக்கவில்லை.

உள்ளங்கையில் கடிகாரம் ஓடியது. அதைவிடச் சத்தமாக, அவள் நெஞ்சு.

தெருவில் அது நின்றது. தலையைச் சாய்த்தது.

அவள் இரண்டு கையாலும் மார்பை அழுத்தினாள். அடங்கு. அடங்கித் தொலை. அடங்கவில்லை.

கதவுக் கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேராக, ஒரு காது வந்து ஒட்டியது.