மறுக்காத வீடு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒப்புதல் தட்டு ஒலிக்கும்போது நான் சவரம் முடித்து வெள்ளைச் சட்டை போட்டிருப்பேன். கசங்கிய சட்டையோடு அதன் முன் நின்றதில்லை. சுவரில் பதித்த உள்ளங்கையளவு கண்ணாடி அது. என் தம்பி தொம்மை அந்த வாரம் கப்பலில் தோற்ற நாள்கள் அதில் தெரியும். கட்டைவிரலை வைப்பேன். பச்சை ஒளிரும். அடுப்பில் காப்பி பொங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

தூத்துக்குடியில் காசு வைத்துச் சூதாடும் பழக்கம் ஒழிந்து இருபது ஆண்டுகளாகின்றன. மழை பொய்த்து, குடிநீர் முழுவதும் கடலிலிருந்தே வரத் தொடங்கியபின், நன்னீர் நிலையத்துக்குத் தேவைப்பட்டவை கைகள். வடிசவ்வுகளில் படியும் உப்பைச் சுரண்ட எந்திரங்களை இறக்கினார்கள். ஆறு மாதத்தில் துரு தின்றுவிட்டது. மனிதக் கைதான் தாங்கியது. நிலையத்தை நடத்தும் நிறுவனமே பன்னிரண்டு மைல் தள்ளிச் சூதுக்கப்பலையும் நிறுத்தியது. அங்கே ஒரு சில்லு என்பது ஓர் உழைப்பு நாள். வென்றால் நிலையத்துச் சம்பளம் வேலை செய்யாமலே வரும். தோற்றால் அத்தனை நாள் உப்புச் சுரண்ட வேண்டும்.

தோற்றதைக் குடும்பத்தலைவர் ஒப்புக்கொண்டால் வீட்டில் அறுபது வயதுக்குட்பட்ட யார் வேண்டுமானாலும் அந்த நாள்களைச் செய்து தீர்க்கலாம். மறுத்தால் ஆடியவன் ஒருவன் தலையிலேயே விழும். மறுத்த குடும்பத்தின் பெயர் மட்டும் துறைமுகத்து ஒளிப்பலகையில் ஒரு மாதம் நிற்கும். தொம்மை கப்பல் ஏறத் தொடங்கிய பதினோரு ஆண்டுகளில் மச்சாது குடும்பத்தின் பெயர் அந்தப் பலகையில் வந்ததில்லை. எங்கள் பாட்டனார் தோணி ஓட்டிய காலத்திலிருந்து இந்தக் கரையில் எங்கள் சொல்லை யாரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

ஒரு வாரம் கப்பலிலிருந்து தம்பிக்கு வந்த அழைப்பு வழக்கத்தைவிடப் பெரிது. ஐந்து நாள், கடல் பார்த்த மாடத்தோடு இரட்டை அறை, சாப்பாடு, படகு எல்லாம் இலவசம். தொம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. சின்ன ஆட்டக்காரன். ஒரு கைக்கு ஒரு சில்லு வைப்பான், அதையும் தடவிப் பார்த்துத்தான் வைப்பான். பனிக்கட்டி ஆலை கஸ்பாரின் மூத்த மகனோ ஒரே இரவில் முப்பது நாள் தோற்பவன். அவன் காசு கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கித்தான் ஏறுகிறான். கப்பல்காரனுக்குக் குடும்பத்தின் தரம் தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மகிழ்ந்தேன்.

அன்று மாலை தொம்மையின் மனைவி பிலோமி வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றாள். தம்பிக்கு முதுகுவலி, எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆகவே பதினோரு ஆண்டுகளாக நிலையத்து உப்புக்கூடத்துக்குப் போனவள் அவள்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்ததை எடுத்து வைத்துப் பார்த்ததில்லை.

"அத்தான், இந்த ஒரு தடவ தட்டுல மறுத்திருங்க."

பலகையில் பெயர் வந்தால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று கேட்டேன். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். விரல்களை மடக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுகளாலும் இடுக்கித் தூக்கிக் குடித்தாள். உள்ளங்கை வறண்ட குளத்துத் தரைபோல வெடித்திருந்தது.

மறுநாள் கப்பல் அலுவலகத்துக்குப் போனேன். பெயரும் பலகைக்கு வரக்கூடாது, தம்பிக்கு அழைப்பும் வரக்கூடாது. அதற்கு வழி கேட்பது என் நோக்கம். விருந்தினர் பிரிவில் இருந்த பெண் ரெபேக்கா எழுந்து நின்று நாற்காலி காட்டினாள். சொந்த ஊர் மணப்பாடு என்றாள். என் பெயரைச் சொல்வதற்குமுன் அவளுக்குத் தெரிந்திருந்தது.

தம்பி அப்படியொன்றும் பெரிதாகத் தோற்பவனில்லையே, அவனை ஏன் அழைக்கிறீர்கள் என்றேன்.

"எவ்வளவு தோக்குறாங்கன்னு நாங்க பாக்குறதில்ல ஐயா. அது அதிர்ஷ்டம், இன்னிக்கு ஏறும் நாளைக்கு எறங்கும்" என்றாள். ஒரு கைக்கு எத்தனை சில்லு, மணிக்கு எத்தனை கை, எத்தனை மணி நேரம், அதில் மேசைக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்று பெருக்கி எதிர்நோக்கு இழப்பு என்று ஓர் எண் எடுப்பார்களாம். பழைய காசுக் கப்பல்களிலும் அப்படித்தானாம். நிறுவனம் அதோடு ஒன்றைச் சேர்த்துப் பெருக்குகிறது. அதற்கு உறுதி எண் என்று பெயர்.

"கஸ்பார் அண்ணாச்சி நாங்க குடுக்குற மூணு நாள் கெடுவையும் இழுத்தடிச்சு, கடைசியில மறுத்திருவாக. மகன் ஒருத்தன் கைதான் எங்களுக்கு மிஞ்சும். அவனும் பாதி நாள் வரமாட்டான். உங்க வீட்டுல அப்படியில்ல."

"எங்க வீட்டுல எப்படி?"

"நாலு நிமிஷம்." திரையை என் பக்கம் திருப்பினாள். "தட்டு ஒலிச்சதுலேர்ந்து நீங்க விரல் வைக்கிற வரைக்கும், பதினோரு வருஷ சராசரி. இந்தக் கரையில இப்படி ஒரு வீடு கெடையாது. அறை உங்க தம்பி ஆட்டத்துக்குக் குடுக்கலய்யா. உங்க விரலுக்குக் குடுக்குறோம். அதான் ரெட்டை அறை. நீங்களும் கூட வரணும்னு மேலிடத்துல ஆசப்படுறாங்க."

அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையான மரியாதையோடு சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அழைப்பை நிறுத்த வழி என்ன என்று கேட்டேன். ஒரே ஒரு மறுப்பு போதும், உறுதி எண் விழுந்துவிடும் என்றாள். பெயர் பலகைக்குப் போகாமல்? அதற்கு வழியில்லை என்று தலையை அசைத்தாள்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு பச்சை ஒளிக்கும் பின்னால் ஓர் அழைப்பு. ஒவ்வோர் அழைப்புக்கும் பின்னால் பிலோமியின் கை. தம்பியைக் கப்பலுக்கு அனுப்பியது சீட்டாட்டம் என்று இத்தனை நாள் அவனை ஏசிக்கொண்டிருந்தேன்.

தொம்மை கப்பலுக்குப் போய்த் திரும்பினான். அடுத்த திங்கட்கிழமை தட்டு ஒலித்தது. இருபத்தாறு நாள். கட்டைவிரல் பழக்கத்தில் தானாக உயர்ந்தது. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். காப்பி பொங்கி அடுப்பை அணைத்தது. பிறகு மறுப்புக்கான சிவப்புப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

தொம்மை வந்து கத்துவான் என்று நினைத்தேன். அவன் சிவப்பு ஒளியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்லா அண்ணேன்?"

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குப் பெயர் பலகையில் வந்தது. மச்சாது குடும்பம், மறுப்பு. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு அதற்கு நேர்கீழே போய் நின்றேன். பார்க்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

யாரும் பார்க்கவில்லை. மேலே நாற்பது பெயர்களுக்குமேல் ஓடிக்கொண்டிருந்தன. கஸ்பார் குடும்பம் மூன்று இடத்தில் இருந்தது. கஸ்பார் எதிர்க்கடையில் நின்று வடை தின்றுகொண்டு, என்ன சந்தியாகு அண்ணாச்சி, வெயில்ல நிக்கிறீகளே என்று கேட்டார். படகுக்குக் காத்திருந்தவர்கள் தங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு உப்புக்கூடத்துச் சங்கு ஊதியது. தொம்மை முதுகைப் பிடித்தபடி வரிசையில் நின்றான், அவனுடைய இருபத்தாறு நாளுக்காக. அவனுக்குப் பின்னால் பிலோமியும் கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். இனி நீ ஏன் போக வேண்டும் என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"நீங்க முன்னாடி வெரல் வச்சது இன்னும் நூத்திப்பத்து நாள் பாக்கி கெடக்கு அத்தான்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். வரிசை நகர்ந்தது.