ஃப்ரீசரில் ஒரு வெண்கல வளையம்

மழையோடு மழையாகக் கடைக்குள் வந்தவன் ஐஸ்கிரீம் கேட்கவில்லை.

"ஏங்க... உங்க ஃப்ரீசர்ல இதைக் கொஞ்ச நேரம் வச்சுக்கலாமா?"

உள்ளங்கையை விரித்தான். மோதிரத்தைவிடச் சற்றே தடித்த ஒரு வெண்கல வளையம். கல்லாவில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்... அவன் இமையெல்லாம் மழைத்துளி. சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது?"

"பைலட் புஷ். ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கையால கியர் போடற வண்டியா மாத்தறேன். கியர்பாக்ஸ் தண்டோட நுனி ஆடாம இருக்க, இன்ஜின் பக்கத்துக் குழியில இது உட்காரணும். குளிர்ந்தா மயிரிழை சுருங்கும். லேசா தட்டினாலே இறங்கிடும்."

"பச்சைக் காரா?"

"உங்களுக்கு எப்படி..."

"எங்க அப்பாவோடது. கியர் போடாம ஓட்டினா அது வண்டியா, கட்டிலான்னு கேப்பார்."

அவன் சிரித்தான். வெளியே மழை இன்னும் வலுக்கக்கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு காகிதக் கோப்பையில் வளையத்தைப் போட்டு வெனிலாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது குளிரும்வரை அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தான்... அதே வளையத்தோடு.

"சரியா உட்காரலைங்க. கழட்டிட்டேன்."

"உள்ள போனதை எப்படிக் கழட்டுவீங்க?"

"குழி நிறைய கிரீஸை அடைச்சு, கம்பியால தட்டினா அதுவே வெளிய தள்ளிடும்."

அடுத்த வாரமும் வந்தான். இந்த முறை புது வளையம்.

"உங்களை யாருங்க மெக்கானிக்னு சொன்னது?" என்றாள் சிரிப்பை அடக்கியபடி.

"போர்டுல நானே எழுதிக்கிட்டதுதான்..."

அன்றிரவு சாப்பிடும்போது அதை அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவனைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தது... அவ்வளவுதான். அப்பா சிரிக்கவில்லை.

"ஒரு புஷ்ஷை எத்தனை தடவைம்மா போடுவான்? இன்ஜினையே கெடுத்துடுவான். நாளைக்கே வண்டியை வேற பட்டறைக்குக் கொண்டுபோறேன்."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஷெட் போட்டவன். இந்தத் தெருவில் அவனை நம்பி வந்த முதல் வண்டி அது. அது திரும்பிப் போனால் அடுத்தது எப்படி வரும்? என் வாய் ஏன் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது...

காலையில் அப்பாவோடு அவளும் ஷெட்டுக்குப் போனாள். அப்பா டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தார். விரலால் தடவினார். வளையம் பிசிறில்லாமல், அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தானே போட்டிருக்க. முன்னாடி போட்டதுல என்ன கோளாறு தம்பி?"

புஷ் மட்டமானது என்று சொன்னால் தப்பித்துவிடலாம். அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கோளாறு இல்ல சார். முதல் தடவையே சரியாத்தான் உட்கார்ந்துச்சு."

"பின்ன ஏன்யா கழட்டின?"

அவன் அவளைப் பார்த்தான். காதுமடல் சிவந்திருந்தது.

"இது முடிஞ்சுட்டா... கடைக்கு வர எனக்கு வேற சாக்கு இல்ல சார்."

அவள் தலை குனிந்தாள்.

"ஐஸ்கிரீம் வாங்கியிருக்கலாமேய்யா?" என்றார் அப்பா.

"பல் கூச்சம் சார்."

அப்பா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். "வண்டி இங்கேயே இருக்கட்டும். கியர்பாக்ஸையாவது ஒரே தடவையில மாட்டு," என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

இருவரும் தனியே நின்றார்கள்.

"கோபமா?" என்றான்.

"நான் ஒண்ணு சொல்லணும்..." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கடைசியா வந்தீங்களே, அன்னைக்கு புஷ் குளிர ரொம்ப நேரம் ஆச்சு இல்ல?"

"ஆமா. ஃப்ரீசர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

"கோளாறெல்லாம் இல்ல. நான்தான் நடுவுல சுவிட்சை அணைச்சு வச்சேன்... சீக்கிரம் குளிர்ந்தா நீங்க எழுந்து போயிடுவீங்களே. ஸ்ட்ராபெர்ரி முழுக்க உருகிடுச்சு."