தலைகீழாக நின்ற கம்பம்

"மேடம், அது தலைகீழா இருக்கு!"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அருங்காட்சியகத்தில் ஆற்றின் வரலாறு சொல்லும் கூடத்தின் வாசலில், மழைக்கு ஒதுங்கிய ஒருவன் சொட்டச் சொட்ட நின்றிருந்தான்.

பாடம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே? மூன்று வருடமாக அந்தக் கூடத்தில் பாடம் சொல்கிறாள். மீன்வலையின் ஈயக்குண்டு, உடைந்த துடுப்பு, ஆற்றடி மண் அடைத்த சீசா... ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆற்றின் கதையைச் சொல்வதுதான் அவள் வேலை. கதையின் உச்சமே அந்த மரக்கம்பம். நீர்மட்டம் பார்க்க ஒரு காலத்தில் ஆற்றுக்குள் நட்டிருந்தது. எண்கள் அழிந்து வெட்டுக்கோடுகள் மட்டும் மிச்சம். மேல் பாதி கன்னங்கரேலென்று கறுத்திருக்கும். "பாருங்க, வெள்ளம் இவ்வளவு உயரம் வந்துச்சு!" என்று அவள் கையை உயர்த்தும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

"எது தலைகீழா இருக்கு? கம்பமா, நீங்களா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அந்தக் கண்கள்... மழை இப்போதுதான் கழுவி வைத்தது போல. பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள்.

பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து, அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"பிள்ளைங்க முன்னாடி சொன்னது தப்புதான், மன்னிச்சிடுங்க. நான் ஆத்துல நீர்மட்டம் குறிக்கிறவன். தினமும் கம்பத்து மூஞ்சியிலதான் முழிக்கிறேன். அதான் வாய் சும்மா இருக்கல... வெள்ளம் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும் மேடம். அதுக்குள்ள மரம் இப்படிக் கறுக்காது. இது வருஷக்கணக்கா தண்ணியில நின்ன அடிப்பக்கம். அதைத்தான் மேலே வச்சு மாட்டியிருக்காங்க."

"அப்போ... வெள்ளம்?"

"வெள்ளம் இல்ல. கோடையிலயும் தண்ணி வத்தாம நின்ன அடையாளம்."

அவள் கம்பத்தைத் தடவிப் பார்த்தாள். கறுப்பின் விரிசலில் பொடி நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லையே! இன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடக்கிற ஆறு, ஒரு காலத்தில் இவ்வளவு ஆழமாகவா எப்போதும் இருந்தது?

அடுத்த புதன்கிழமையும் அவன் வந்தான். மழை இல்லை. ஒதுங்கச் சாக்கும் இல்லை.

"என்ன கம்புக்காரரே, இன்னிக்கு எது தலைகீழ்?"

"நான்தான் டீச்சரம்மா... போன புதன்ல இருந்து."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு புதனும் வந்தான். அவள் பாடத்துக்காக ஆற்றிலிருந்து கிளிஞ்சலோ கூழாங்கல்லோ கொண்டுவந்தான். ஆறாவது புதன், அந்தப் பேச்சை மறுபடி எடுத்தான்.

"எப்போ திருப்பப் போறீங்க?"

"அது அப்பா கையால மாட்டினது. இந்தக் கூடத்தையே அமைச்சவர் அவர்தான். ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு, இன்னும் இதைச் சொல்லித்தான் பெருமைப்படறார். அவர்கிட்டப் போய்..."

"அதுக்காகப் பிள்ளைங்களுக்குத் தப்பாவே சொல்லுவீங்களா?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாக.

"எங்க அப்பாவை விட உங்க கம்பு பெருசா? நீங்க ஒண்ணும் இங்க வந்து பாடம் எடுக்க வேண்டாம்!"

அவன் கையிலிருந்த கூழாங்கல்லை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போனவன், அப்புறம் வரவே இல்லை.

ஐந்து புதன்கிழமைகள்... வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு துள்ளி எழும். வேறு யாரோவாக இருக்கும். மழை பெய்தால் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை குறைத்துப் பேசியிருக்கக் கூடாதா?

ஐந்தாவது புதன் அவன் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவனுக்கு ஆற்றின் மேலே இருக்கும் அணைக்கட்டுக்கு இடமாற்றம் வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறானாம்.

அன்று பாடத்தில் ஒரு சிறுமி கேட்டாள். "மிஸ், வெள்ளம் வராதப்போ ஆத்துல தண்ணி இருந்துச்சா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்ல வரவில்லை.

மாலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நத்தை ஓடு முதல் அவன்வரை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாட்டின மறுவாரமே எனக்குத் தெரியும் கண்ணு."

"அப்பா!"

"திறப்பு விழா முடிஞ்சிருச்சு. எல்லாரும் பாராட்டிட்டாங்க. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திருப்பறது? இன்னிக்கு, நாளைக்குன்னு... இத்தனை வருஷம் ஓடிப்போச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை மாதிரி நீயும் வீம்பு பிடிச்சு உட்காராதே. ஆமா, கம்பம் நல்ல கனம். தூக்க ஆள் வேணுமே... அந்தப் பையன் தூக்குவானா?"

அவள் ஓடியே போனாள்.

தூறலில் ஆற்றங்கரைப் படியில் அவன் குனிந்து நின்று, ஆற்றில் நட்டிருந்த கம்பத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா சரின்னுட்டார். நாளைக்குத் திருப்பறோம். தூக்க ஆள் வேணும்..."

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

"இல்ல." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு வந்த கோபம் வெள்ளம் மாதிரி. வந்துச்சு, வடிஞ்சிடுச்சு. அஞ்சு புதனா வத்தாம நிக்கிறது வேற... அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் ஒரு படி மேலேறி வந்தான். குறிப்பேட்டை நீட்டினான். தேதி, நேரம், நீர்மட்டம். ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு பத்தி. புரட்டினாள். போன நான்கு புதன்கிழமைகளிலும் குறிப்பு ஒரே மாதிரிதான் முடிந்தது. 'மழை இல்லை. அங்கே போகவில்லை.' 'லேசான மழை. அங்கே போகவில்லை.'...

கண்ணீர் முட்டியது அவளுக்கு.

"வெள்ளிக்கிழமை கிளம்பறேன்" என்றான் மெல்ல.

"அணைக்கட்டுல இருந்து புதன்கிழமை பஸ் கிடையாதா என்ன?"

அவன் கண்கள் சிரித்தன. "இன்னிக்கும் புதன்தான். குறிப்பு இன்னும் எழுதல... என்ன எழுதட்டும்?"

அவள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். தூறல் விழாமல் தாளைக் கையால் மறைத்து, குண்டு குண்டாக எழுதினாள்.

'மழை. அவள் வந்தாள்.'